பெயர் எழுதாத சிவப்புக் குதிரை

கழுத்துச் சங்கிலியின் கனத்தையும் என் பேச்சின் கனத்தையும் ஒருசேரச் சுமக்க வந்திருக்கும் மேயரம்மா அவர்களே! சந்தையை ஆசீர்வதிக்க வந்து, சாரலில் நனைந்து, சத்தமில்லாமல் தும்மிக்கொண்டிருக்கும் பாதிரியார் அவர்களே! டாஃபி காய்ச்சும் தங்கங்களே, சுடு பட்டாணி விற்கும் சிங்கங்களே, மோதும் கார்களுக்கு முதலாளியாகியும் முகத்தில் மோதாமல் பழகும் நண்பர்களே! இந்தப் பிப்ரவரிக் குளிரிலும் இடுப்புக் குழந்தையை இறக்காமல் நிற்கும் தாய்மார்களே! என்னைவிட மூத்த பெரியவர்களே! அப்படி யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவருமில்லையா? நல்லது. அப்படியானால் நான் சொல்வதை மறுக்க ஆளில்லை. உங்கள் அத்தனை பேருக்கும் ஜேபஸ் ஓர்டன் என்கிற இந்தக் கிழவன், தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்கிறான்.

என்னப்பா அங்கே? கேக்கலையா? லியாண்டர், அந்த ஆர்கனை நிறுத்துடா! நான் பாடும்போது அது பேசட்டும், நான் பேசும்போது அது எதுக்குப் பாடுது?

இந்த ஸ்வான்தார்ப் ஊரில் வருஷத்தின் முதல் சந்தை. அதைத் திறந்துவைக்கும் மேடை, இதோ, நான் நிற்கும் இந்தக் குதிரை ராட்டினத்தின் பலகை. காலையில் மேயரம்மா இங்கே வந்தார். சுற்றிப் பார்த்தார். எல்லாக் குதிரைக்கும் கழுத்தில் வரைந்த ரிப்பன் இருக்கிறது, ரிப்பனில் பெயர் இருக்கிறது. உள்வரிசையில் நிற்கும் இந்தச் சிவப்புக் குதிரையின் ரிப்பன் மட்டும் வெறுமையாக இருக்கிறது. "பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைப்போம். ஜெயிக்கிற பிள்ளை சொல்லும் பெயரை எழுதுவோம்" என்றார். நல்ல மனசு. ஆனால் அந்தப் போட்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

சந்தை நின்ற ஊர்களில் மட்டுமே பள்ளிக்கூடம் போனவன் நான். ஊருக்கு ஒரு வாரம், வாரத்துக்கு ஒரு வாத்தியார். ஆகவே எனக்குத் தெரிந்த வரலாறெல்லாம் சக்கரத்தில் ஓடும் வரலாறு. ஆரம்பத்தில் இந்தக் குதிரைகளை ஒரு நிஜக் குதிரை இழுத்தது. மரக்குதிரைமேல் மனிதர் சிரிக்க, நிஜக்குதிரை முறைத்தது. அப்புறம் நீராவி வந்தது. நெருப்பும் நீரும் கைகோத்தன, குதிரைகள் குதித்தெழுந்தன! சரி, குதித்தால் போதுமா? கூட்டம் வரவேண்டாமா? வண்ணத்தை அழைத்தார்கள்! நிமிர்ந்து பாருங்கள், மேலே விளிம்புப் பலகையில் என்ன? சுருள் சுருளாய்க் கொடி, சுற்றிச் சுற்றித் தங்க ரேக்கு. ரோஜா என்ன, ராஜா என்ன, ராணுவத் தளபதி என்ன! அந்தச் சிங்கத்தைப் பாருங்கள். வரைந்தவர் சிங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் மாமனாரைப் பார்த்து வரைந்தாராம். அதனால்தான் கர்ஜிக்காமல், கடனைத் திருப்பிக் கேட்க வந்தவர் மாதிரி நிற்கிறது.

சிரிங்க, சிரிங்க. குளிருக்கு நல்லது.

நம் ஊர்க் குதிரைகள் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றும். குதிரையில் இடப்பக்கமாகத்தானே ஏறுவோம்? ஆகவே இடப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். அழகெல்லாம் அந்தப் பக்கத்துக்குத்தான். சேணத்தில் பூ, நெற்றியில் மணி, கழுத்தில் பெயர். நடுவில் இருக்கும் எஞ்சினைப் பார்க்கிற வலப்பக்கத்துக்கு? ஒரு பூச்சுச் சாயம். அவ்வளவுதான். யார் பார்க்கப் போகிறார்கள்? எஞ்சின்காரன்தான் பார்ப்பான். அவன் டிக்கெட்டா எடுத்தான்?

இந்த ராட்டினம் அந்தக் காலத்தில் ஹெசெக்கியா தர்லோவுக்குச் சொந்தம். நான் அவரிடம் எஞ்சினுக்குக் கரி போட்டவன். அப்போது தடியனாக இருந்தேன், இப்போது தடியோடு இருக்கிறேன். அவர் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு குதிரைக்கு அந்தப் பிள்ளையின் பெயர். மருமகள் வந்தால் ஒரு குதிரைக்கு அவள் பெயர். சந்தைக் குடும்பத்தில் குடும்பப் படம் சுவரில் தொங்காது, சுவர்தான் இல்லையே! ராட்டினத்தில் சுற்றும். அதில் வெளிவரிசையில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், பெரிய சிவப்புக் குதிரை. அதன் கழுத்தில் தங்கத்தில், டார்கஸ். முதலாளியின் ஒரே மகள்.

அந்த டார்கஸ் யார் தெரியுமா? முன்வரிசையில் கம்பளித் தொப்பி போட்டு என்னை முறைக்கிறாரே, அவரேதான். டார்கஸ், சொல்லட்டுமா?

"சொல்லித் தொலை. ஆனா சுருக்கமாச் சொல்லு. உனக்கு வாயி, எனக்குக் காலு, ரெண்டும் வலிக்கப் போவுது!"

உத்தரவாகிவிட்டது.

டார்கஸ் கல்யாணம் செய்துகொண்டார். யாரை? ராட்டினக்காரனையா, சர்க்கஸ்காரனையா? இல்லை ஐயா, பல் டாக்டரை! செங்கல் வீட்டில் பிறந்து, செங்கல் வீட்டில் வளர்ந்து, பிறந்த நாளிலிருந்து ஒரே தெருவில் தூங்குகிற மனுஷனை! முதலாளிக்கு மூக்கு சிவந்தது.

"நம்ம டாஃபியைத் தின்னு சொத்தையான பல்லைப் புடுங்கித்தானே அவன் சோறு திங்கறான்? அவனுக்கா பொண்ணு குடுப்பேன்?"

"அப்ப நம்மளாலதானே அவர் பொழைக்கிறாரு? சொந்தம்னு வெச்சுக்குங்கப்பா" என்றார் டார்கஸ்.

நான் சிரித்துவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்குக் கரி இல்லாமலே எஞ்சின் கொதித்திருக்கும்.

சந்தைக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. செங்கல் வீட்டுக்குப் போனவர் பெயரை அழித்து, வேறு பெயர் எழுதுவது. பெயின்டர் வந்தார். "முதலாளி, எடுத்துட்டு என்ன பேரு போடட்டும்?"

"ஒண்ணும் போடாதே."

"வெறும் ரிப்பனாவா? மொட்டைக் கழுத்தா இருக்குமே!"

"இருக்கட்டும்ங்கறேன்ல?"

அதோடு விட்டாரா? வெளிவரிசைக் குதிரையைக் கழற்றி, எஞ்சினை ஒட்டிய உள்வரிசையில் மாட்டச் சொன்னார். பெரிய வரிசைக்குச் செய்த குதிரை, சின்ன வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கிறதே, இன்றைக்கும் பாருங்கள். ஊரெல்லாம் என்ன பேசியது? பெற்ற மகளை மூலையில் தள்ளிவிட்டான் என்றது. கல்நெஞ்சன் என்றது. நானும் அப்படித்தான் பேசினேன், அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக.

அடுத்த சந்தையில் எஞ்சின் பக்கத்தில் நின்று கரி அள்ளுகிறேன். குதிரைகள் சுற்றி வருகின்றன. ஒற்றைப் பூச்சு வலப்பக்கங்கள், வெற்று வெற்றாய்ப் போகின்றன. சிவப்புக் குதிரை வந்தது. அதன் வலது கழுத்தில், பூ இல்லை, பொன் இல்லை, கப்பலுக்கு அடிக்கிற வெள்ளைச் சாயத்தில், கோணல் மாணலாய், ஒழுகி ஒழுகி ஒரு பெயர். டார்கஸ். பெயின்டர் கையா அது? பெயின்டர் குடித்துவிட்டு எழுதினாலும் அதைவிட நேராக எழுதுவார்! பெயர் தாண்டிப் போனது. சுற்றி வந்தது. நான் வாயைப் பிளந்து முதலாளியைப் பார்த்தேன்.

"என்னடா பாக்கறே? கரியைப் போடு!"

போட்டேன். வாயைத் திறக்கவில்லை. நம்புங்கள், நான் வாயைத் திறக்காத காலமும் ஒன்று இருந்தது.

வருஷங்கள் ஓடின. இதே ஊர், இதே சந்தை. கூட்டத்துக்குள் டார்கஸ் வந்து நிற்கிறார். கையில் சின்னப் பெண் குழந்தை. தலையில் மஞ்சள் தொப்பி. பெயர் ரிப்பன்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். தம்பி பெயர் போகிறது, தம்பி மனைவி பெயர் போகிறது. உள்வரிசையில் மொட்டைக் கழுத்தோடு சிவப்புக் குதிரை போகிறது. குழந்தை கை நீட்டியது. "அம்மா, அந்தச் செவப்புக் குதிரை!"

"வேணாம்டா கண்ணு. அது நம்மளுது இல்லை. வா, போலாம்."

திரும்பிவிட்டார் தாய்மார்களே! ஒரு தாயின் முதுகு அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. உள்ளே எஞ்சினைப் பிடித்தபடி அப்பன், வெளியே சேற்றில் மகள், நடுவே சுற்றும் குதிரைகள். கூப்பிட அவருக்கு வாய் வராது, வர இவளுக்குக் கால் வராது. நான் என்ன செய்வேன்? படித்தவனாக இருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். நான் படிக்காதவன். ஓடிப்போய் அந்தக் குழந்தையின் மஞ்சள் தொப்பியைப் பிடுங்கினேன். ஓடும் பலகையில் தாவி ஏறினேன். குதிரைகளுக்கு நடுவே புகுந்து, எஞ்சின் மேடையில் முதலாளியின் காலடியில் தொப்பியை வைத்துவிட்டு, "முடிஞ்சா வந்து எடுத்துக்க!" என்று கத்தினேன்.

"டேய் ஜேபஸ்! பன்னிப்பயலே! குழந்தை தொப்பியைக் குடுடா!"

குழந்தையைப் பட்டாணிக் கடைக்காரியிடம் கொடுத்தார். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். ஓடுகிற பலகையில், எதையும் பிடிக்காமல், ஊருக்குள் நடக்கும் செருப்போடு, தரையில் நடப்பது போல ஏறினாரே பார்க்கணும்! செங்கல் வீடு அந்தக் காலை மாற்றவில்லை ஐயா! குதிரைகளுக்கு நடுவே நடந்து எஞ்சின் மேடைக்கு வந்தார். தொப்பியை எடுத்தார். என் காதில் ஓர் அறை விட்டார். அந்தக் காது இன்றும் பிப்ரவரியில் வலிக்கும். அப்பன் திரும்பவில்லை. மகள் போகத் திரும்பினார்.

அப்போது சிவப்புக் குதிரை வந்தது.

நின்றுவிட்டார். அது போனது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார். மறுபடி வந்தது. மறுபடி போனது.

"அப்பா, இதை யாரு எழுதினது?"

"பெயின்டரு."

"இவ்வளவு கோணலாவா?"

"குதிரை ஆடிக்கிட்டே இருந்துச்சு."

"ராட்டினம் நிக்கும்போதுதானேப்பா பெயின்ட் அடிப்பாங்க?"

முதலாளி எஞ்சினின் ஆவிக் கைப்பிடியைப் பிடித்தபடி, குதிரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். "நிறுத்தட்டுமா? குழந்தையைக் கூட்டியாரியா?"

"நிறுத்துங்க. ஆனா இப்ப வேணாம். இன்னொரு சுத்து வரட்டும்."

எத்தனை சுற்று வந்ததென்று யார் எண்ணினார்கள்? ஏறியவர்கள் தலை சுற்றி இறக்கிவிடச் சொல்லிக் கத்தினார்கள். ஏறக் காத்திருந்தவர்கள் வைதார்கள். அப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு கோணல் பெயர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ராட்டினம் நின்றதும் முதலாளி சொன்னார். "பெயின்டரைக் கூப்பிடறேன். வெளிப்பக்கம் தங்கத்துலயே எழுதச் சொல்றேன். பழைய எடத்துலயே மாட்டறேன்."

டார்கஸ் சொன்ன பதிலை இந்தக் கிழவன் சாகும்வரை மறக்கமாட்டான். "வேணாம்பா. வெளியில எழுதினா ஊரு பாக்கும். இங்க எழுதினா நீங்கதான் பாப்பீங்க. எனக்கு இது போதும்."

மேயரம்மா அவர்களே! மாலையிட்டு மேடையேற்றிக் கூப்பிடும் பெயர் ஒன்று. மனசுக்குள் மறுபடி மறுபடி கூப்பிடும் பெயர் ஒன்று. ஊருக்குக் காட்ட உலகமெல்லாம் தங்க ரேக்கு இருக்கிறது. ஆனால் கோபத்தில் கொதித்த ஒரு தகப்பன், கண்டவர் கண்ணுக்குத் தப்பி, கோணல் மாணலாய் எழுதிய எழுத்துக்கு எந்தத் தங்கம் ஈடு? இந்தக் குளிர்காலத்தில் முழு ராட்டினத்துக்கும் புதுச் சாயம் அடித்தார்கள். அந்த எழுத்தில் மட்டும், ஆர்கன் போடுகிற நம் லியாண்டர் தூரிகையை வைக்கவில்லை. வாழ்க அவன் கை! அந்தக் குதிரை பெயரில்லாத குதிரை இல்லையம்மா. பெயர் அதன் உள்பக்கத்தில் இருக்கிறது. வெறும் ரிப்பன் வெறும் ரிப்பனாகவே இருக்கட்டும். உங்கள் போட்டிக்கு, குதிரைகளோடு சுற்றப்போகும் ஒரு மரச் சேவல் தருகிறேன். புதிதாக வந்து, பெயரில்லாமல் பின்னால் நிற்கிறது. என் பெயரைத் தவிர எதை வேண்டுமானாலும் வையுங்கள்!

மேயரம்மா தலையசைக்கிறார்! எல்லோரும் பார்த்துக்கொண்டீர்களா? சாட்சி நீங்கள்! கை தட்டுங்கள்!

என்ன டார்கஸ்? கண்ணைத் துடைச்சிக்கிட்டு ஏதோ சொல்றீங்களே, கேக்கலை.

"எஞ்சின் ஆவி வீணாப் போவுதுன்னு சொன்னேன்! பேச்சை முடிச்சுட்டு எறங்கு, நான் ஏறணும்!"

கேட்டீர்களா? ஏற வேண்டுமாம்! பலகை கொஞ்சம் வழுக்கும், யாராவது கை கொடுங்கள். வேண்டாமாம், பிடிக்காமலே ஏறுவாராம். வழி விடுங்கள் ஐயா, வழி விடுங்கள்! குளிரில் நின்று கேட்ட காதுகளுக்கும், தட்டிச் சிவந்த கைகளுக்கும், தூங்கிவிட்ட குழந்தைகளுக்கும் என் நன்றி. வருஷம் முழுக்க உங்கள் வீடுகளில் சிரிப்புச் சத்தம் சுற்றி வரட்டும். சந்தை திறந்தாயிற்று! லியாண்டர், ஆர்கனைப் போடு! வணக்கம்!