அளவு ஐயா அமர்ந்திருக்கும் வண்டிகள்

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, இயக்குநர்களே, தொழிற்சங்கப் பெரியவர்களே, தையல் கூடத்திலிருந்தும் வார்ப்புக் கூடத்திலிருந்தும் வேலையை அப்படியே வைத்துவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே!

முதலில் ஒரு மன்னிப்பு. எனக்கு மேடையில் பேச வராது. அதனால் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். எழுதியதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும். என் வயதைவிட அதிக காலம் ஐயாவோடு வேலை பார்த்தவர்கள் இந்தக் கூடம் முழுக்க இருக்கிறீர்கள். நான் நேற்று வந்தவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். இன்றைக்குப் பேசப் போகிறேன் என்றதும் என்னைப் பெற்ற அம்மா சொன்னாள், "நாலு வார்த்தை நல்லதா சொல்லிட்டு இறங்கிடு. பெரிய மனுஷங்க இருக்கிற இடம்." நாலு வார்த்தையோடு முடியாது என்று பயமாக இருக்கிறது. இந்த மைக்கும் எனக்கு முன் பேசிய தலைவரின் உயரத்துக்கு நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் சற்று முன் ஓர் அறிவிப்புச் செய்தார். வரும் திங்கட்கிழமை, நம் புது வண்டிக்கு மாதிரியாகச் செய்திருக்கும் மரக்கூட்டில் அளவு ஐயாவின் கடைசி உருவம் அமர்த்தப்படும். ஐயா நம்மைவிட்டுப் போகவில்லை, இனி நாம் செய்யும் ஒவ்வொரு வண்டியிலும் அவரே அமர்ந்திருப்பார் என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். பழக்கத்தில் நானும் தட்டினேன். அந்தத் திங்கட்கிழமையை நினைத்துத்தான் நான் இங்கே ஏறி நிற்கிறேன். ஆனால் முதலில் அவரைப் பற்றிப் பேச வேண்டும்.

யார் இந்த அளவு ஐயா? வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கம்பெனி தொடங்கியபோது நமக்குப் பேர் கிடையாது. அடிபட்ட வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை என்றுதான் சொல்வார்களாம். நாமே ஒரு வண்டி செய்யலாம் என்று பெரிய முதலாளி இறங்கியபோது, ஓட்டுநர் இருக்கையை எந்த அளவில் வைப்பது என்பதில் வேலை நின்றுபோனது. வெளிநாட்டுப் படங்களில் இருந்த மனிதருக்குக் கால் நீளம். முதலாளி சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஓர் இளைஞர் இருக்கை உறை தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீ வா. இங்க உக்காரு."

"எதுக்குங்க?"

"சும்மா உக்காருப்பா."

உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர்தான்!

குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. எந்தக் கடையில் சட்டை எடுத்தாலும் அவருக்குப் பிரித்துத் தைக்க வேண்டியதில்லையாம். ஈரப் பிளாஸ்டர் தோய்த்த துணியை அவர் உடம்பில் சுற்றி, காயும்வரை அசையாமல் உட்கார வைத்து, பிரித்தெடுத்து, அதற்குள் வார்த்து அவருடைய உருவத்தை எடுத்தார்கள். அந்த உருவத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி வண்டியைக் கட்டினார்கள். அவர் கை எட்டிய இடத்தில் கியர். அவர் கண் போன இடத்தில் கண்ணாடி. அந்த வண்டி வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: எனக்கே தைத்த மாதிரி இருக்கிறதே! வேகத்துக்கு ஒரு கம்பெனி, அழகுக்கு ஒரு கம்பெனி, உட்கார்வதற்கு நம் கம்பெனி என்று பேர் வந்தது. அந்தப் பேர் யாருடையது? அந்த முதுகு யாருடையது?

வெளிநாட்டு நிபுணர்கள் ஒருமுறை மோட்டார் வைத்த தோல் இருக்கை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐயா உட்கார்ந்து கண்ணை மூடினார். கூடமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. "எப்படி இருக்கு?" என்றார் முதலாளி.

"சினிமா பாக்க நல்லா இருக்கும். வண்டி ஓட்ட முடியாது."

மொழிபெயர்க்க வந்தவர் தயங்கினார். ஐயா அவரைத் தட்டிக் கொடுத்தார். "அப்படியே சொல்லுப்பா. பணிவா சொல்லு, ஆனா அப்படியே சொல்லு." இருக்கை திரும்பிப் போனது, மாறி வந்தது.

நான் சேர்ந்த முதல் நாள், கையில் அளவு நாடாவோடு, பெரியவரின் முழங்காலைத் தொட்டு எப்படி அளப்பது என்று கூசி நின்றேன். "அளவெடும்மா பட்டதாரி, கடிக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து நான் இங்கே எல்லோருக்கும் பட்டதாரிதான்.

நம் உருவ அறையைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்கலாம். ஒவ்வொரு புது வண்டிக்கும் ஐயாவை மறுபடி வார்த்தெடுத்தோம். பழையதைத் தூக்கிப் போடவில்லை. அந்த நீள அறையில் சுவரை ஒட்டி அவர்கள் எல்லோரும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். வாசல் பக்கம் இளைஞர், உள்ளே போகப் போக வயதாகிறது. யாருக்கும் முகம் இல்லை. எல்லோருக்கும் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்கின்றன, பிடிக்க எதுவும் இல்லாமல். மதிய வெயில் அந்த வெள்ளை முழங்கால்களில் விழும் நேரத்திலும் அங்கே தனியாக நிற்க முதுகு கூசும். அவர்களுக்கு முன்னால் யாரும் குறுக்கே நடக்க மாட்டோம். யாரும் போட்ட சட்டம் இல்லை அது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் குறுக்கே எப்படி நடப்பது?

புது மரக்கூட்டில் உருவத்தை இறக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்போம். வார்ப்பு மேஸ்திரி குனிந்து, "உட்காருங்க ஐயா" என்பார். ஐயா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். "நான் நின்னுட்டிருக்கேன். அவனுக்கு நடக்கிற மரியாதையைப் பாரு" என்று என் காதில் சொல்வார். சிரிப்பேன். சிரித்துவிட்டு உருவத்தைத் திரும்பிப் பார்ப்பேன், அதற்குக் கேட்டுவிட்டதோ என்று.

ஒவ்வொரு முறையும் ஏன் மறுபடி வார்க்க வேண்டும்? அது பெரிய முதலாளி வைத்துப் போன ஏற்பாடு. ஐயாவின் உடம்பு மாறினால் வண்டியும் மாறட்டும் என்றார். ஐயாவுக்குத் தொந்தி வந்தபோது ஸ்டியரிங் சற்று மேலேறியது. முழங்கால் பிடிக்க ஆரம்பித்தபோது கிளட்ச் இலகுவானது. நம் வண்டியை வாங்கியவர்களுக்கும் அவரோடு சேர்ந்தே வயதாகிக்கொண்டிருந்தது அல்லவா? அதனால் நம்மைக் கொண்டாடினார்கள். உங்களோடு வயதாகும் வண்டி என்று நாமே விளம்பரம் செய்தோம். அதில் பொய் இல்லை. அதுதான் நம் பெருமை. தவறும் அந்தப் பெருமைக்குள்ளிருந்துதான் வந்தது.

இப்போது தெருவில் ஓடும் நம் வண்டிக்கு உருவம் எடுத்தபோது, ஐயாவின் இடது தோள் இறங்கியிருந்தது. உடம்பு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். வயது என்று நினைத்தோம். இருக்கையின் இடது விலாப் பக்கத்தை மெத்தென்று ஆக்கி, முதுகை அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி வளைத்தோம். ஐயா அதில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "இப்பதான் வசதியா இருக்கு" என்றார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை, அதிலேயே தூங்கிவிட்டார். எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அளவுக்காரரே தூங்கும் இருக்கை!

வண்டி வந்தது, விற்றது. பிறகுதான் ஐயா மருத்துவமனைக்குப் போனார். இடது விலாவுக்குள் கட்டி. ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கிறது, வலிக்கிற பக்கம் உடம்பு தானாகச் சாய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். பார்க்கப் போனபோது நர்ஸ் கட்டிலின் தலைப் பக்கத்தை உயர்த்திக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு பல்லு ஏத்துங்கம்மா. ரோடு தெரியல" என்றார் ஐயா. நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வண்டி இருக்கையை ஏற்றி இறக்கும் பல்லைச் சொல்கிறார். கட்டிலுக்கு முன்னால் சுவர்தான் இருந்தது. அவர் கைகள் போர்வைக்கு மேலே, முன்னால் நீண்டு, அசையாமல் இருந்தன.

அந்த நாட்களில்தான் ஒரு வாடகை வண்டிக்காரர் நம் சர்வீஸ் கூடத்துக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். "குறை சொல்ல வரல. வண்டி தங்கம்" என்றார். "ஆனா இறங்கி நடந்தா, இன்னும் உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு. என் வீட்டுக்காரி, யாரு மாதிரியோ நடக்கிறீங்க, பயமா இருக்குங்கிறா."

"பழகிடும் அண்ணே" என்றார் நம் ஆள்.

"பழகிடுச்சு தம்பி. அதைத்தான் சொல்றேன்."

ஐயா போன பிறகு அவருடைய பொருட்களை வாங்கிக்கொள்ள, இதோ முன்வரிசையில் இருக்கும் அம்மா வந்தார்கள். மரியாதையாக இருக்கட்டும் என்று மேஸ்திரியும் நானும் அவரை உருவ அறைக்குக் கூட்டிப்போனோம். வாசலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு முதல் உருவத்தின் முழங்காலைத் தொட்டுச் சிரித்துவிட்டார். "அட, இந்த ஒல்லிக்குச்சியைத்தானே நான் கட்டிக்கிட்டேன்." அடுத்ததில், "இங்க தொந்தி வந்தாச்சு. எல்லாம் என் சமையல்." இப்படியே ஒவ்வொருவராகத் தட்டிக்கொடுத்துக்கொண்டு போனார். கடைசி உருவத்திடம் வந்ததும் நின்றார். அதன் இடது தோளில் கை வைத்தார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

"இது எப்ப எடுத்தது?"

"இப்ப ஓடுற வண்டிக்கும்மா" என்றார் மேஸ்திரி. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடி."

"வீட்டுல இப்படி உக்காரவே மாட்டாரே. நிமிர்ந்து உக்காருவார். நான் பாத்துடுவேன்னு நிமிர்ந்து உக்காந்திருக்கார்." பிறகு கேட்டார், "இங்க யாரும் பாக்கலையா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "எல்லாரும் பாத்தோம்மா. வசதியா இருக்குன்னு சொன்னார்."

"இருந்திருக்கும். வசதியாத்தான் இருந்திருக்கும்."

யாரையும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவரை வெளியே அழைத்து வந்தேன். நம் வாசலுக்கு எதிரே சிக்னலில் வண்டிகள் நின்றிருந்தன. பெரும்பாலும் நம் வண்டி, இப்போது ஓடும் வண்டி. முதல் வண்டியில் ஒரு பருத்த மனிதர். அடுத்ததில் கல்லூரி வயதுப் பையன். அடுத்ததில் அலுவலகம் போகிற ஒரு பெண். எல்லோருக்கும் இடது தோள் இறங்கியிருந்தது. எல்லோருடைய தலையும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருந்தது. வெவ்வேறு முகங்கள், ஒரே முதுகு. அந்தப் பெண் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தபடியே, தன்னை அறியாமல், கையால் தன் இடது விலாவைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

விளக்கு மாறியது. எல்லோரும் சேர்ந்து நகர்ந்தார்கள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். "இவர் இன்னும் எந்திரிக்கவே இல்லையேம்மா" என்றார்கள்.

அன்பான பெரியோர்களே! இன்று இந்த மேடையில் பேசிய எல்லோரும் ஐயாவின் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அவருடைய வேலை எது? உட்கார்ந்திருப்பதா? அதை ஒரு பிளாஸ்டர் உருவமும் செய்யும்! உட்கார்ந்து பார்த்து, சரியில்லை என்றால், எதிரே யார் நின்றாலும் சரியில்லை என்று சொல்வதுதான் அவர் வேலை. அவரைச் சுற்றி இத்தனை வண்டிகள் கட்டிய நாம், அவர் உடம்பு சொன்னதைத் துணி போட்டுத் தைத்து விற்றுவிட்டோம். அவருக்கு நாம் வைக்கும் மரியாதை, அந்தச் சாய்வை இன்னொரு வண்டிக்குக் கொண்டுபோவதாக இருக்க முடியுமா? வண்டி வாங்கியவர்களைத் திரும்பக் கூப்பிட்டு இருக்கையை மாற்றினால் பேர் கெட்டுவிடும் என்பார்கள். அந்தப் பேரைச் சம்பாதித்தவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தையல் கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். நேற்று மாலை அம்மா என்னைக் கூப்பிட்டு, "நான் பேசினா அழுதுடுவேன், நீ கேளு" என்று ஒன்று சொன்னார்கள். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான். என் வார்த்தையில் மாற்றாமல், அவர்கள் சொன்னபடியே கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன்.

"திங்கக்கிழமை அவரை உக்கார வைக்க வேண்டாம்னு சொல்லும்மா. ஓடுற வண்டி எல்லாத்திலேருந்தும் அவரை இறக்கி விடச் சொல்லு. வீட்டுக்கு வரட்டும்."