ரெண்டு கையிலும் வாட்ச் கட்டினவன்

ஹலோ... ஹலோ, யாரு?... அட, கேட்லதான் இருக்கேன். நீ யாருன்னு முதல்ல சொல்லு... இந்தக் காலத்துல எவனும் தான் யாருன்னு சொல்றதே இல்லை. கூப்பிடுறது அவன், கண்டுபிடிக்க வேண்டியது நானு! நேத்து ஒருத்தி இப்படித்தான் கூப்பிட்டு "நல்லா இருக்கீங்களா"ன்னு கேக்குறா. நான் நல்லா இருந்தா அவளுக்கென்ன?... என்னது?... மாப்பிள்ளையா?

அடடா, நீங்களா மாப்பிள்ளை! இது யாரு போன்?... ஏதோ ஒரு பையனோட அப்பா போனா? சரி சரி. கூட்டத்துச் சத்தத்துல உங்க குரலே தெரியல. உங்க டீம் பசங்க ரெடியா? ஃபுட்பால் ஃபைனலாச்சே!... ம்... ம்... இல்லையே, ரெஃப்ரீ இந்தப் பக்கம் வரல... மத்தியானத்துலயிருந்து கேட்டை விட்டு நகரல மாப்பிள்ளை, ஒரு ஈ உள்ள போனாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகுது. நம்ம தொந்திக்காரர் வந்தா எனக்குத் தெரியாமலா? அவருக்கு முன்னாடி அவரு தொந்தி வந்துடுமே.

அதை விடுங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன். பிடிச்சுட்டேன்!... வயசு கூடினவனை! ஆமா... ஆமா, நீங்கதானே சொன்னீங்க, "மாமா, இந்த வருஷம் வயசை மறைச்சு ஒருத்தனும் உள்ள வரக் கூடாது"ன்னு. போன வருஷம் மாதிரி விட்டுடுவேனா? பதிமூணு வயசுப் பசங்க ஆட்டத்துல ஆடிட்டு, முடிஞ்சதும் பொண்டாட்டியைப் பின்னாடி உக்கார வச்சு பைக்குல போனானே ஒரு தடியன்! அவன் உதைச்ச பந்தைத் தடுக்கப் போய் என் பேரனுக்கு ரெண்டு விரல் வீங்கி, ஒரு வாரம் பென்சில் பிடிக்க முடியல. நான் மறப்பேனா?

இப்ப வந்தவனைப் பந்து ரூம்ல போட்டுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல...

டேய், கதவைத் தட்டாத! பேசிக்கிட்டு இருக்கேன்ல?

...உங்களை இல்ல மாப்பிள்ளை, உள்ள இருக்கிறவனை. ஒல்லியா, வெடவெடன்னு இருக்கான். கறுப்பு அரை டிராயர். எதிர் டீமுக்கும் கறுப்புத்தானே? மூஞ்சியை வழவழன்னு மழிச்சுட்டு வந்திருக்கான். பதிமூணு வயசுப் பயலுக்கு ரேசர் எதுக்கு? "எந்தக் கிளாஸ் படிக்கிற"ன்னு கேட்டேன். சிரிக்கிறான். "படிச்சு முடிச்சு ஆறு வருஷமாச்சு பெரியவரே"ங்கிறான். அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்! இன்னொண்ணு கேளுங்க, ரெண்டு கையிலயும் வாட்ச். ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டினவன் யோக்கியனா இருப்பானா? ஒண்ணு எங்கயோ சுட்டதாத்தான் இருக்கும்.

...என்ன மாப்பிள்ளை, "ரெண்டு வாட்சா, ரெண்டு வாட்சா"ன்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க?

...விசிலா? ஆமா, உள்ள போனதுலயிருந்து ஊதிக்கிட்டேதான் இருக்கான். பந்து ரூம்ல இருபது விசில் தொங்குது, ஏதோ ஒண்ணை எடுத்து ஊதுறான்... என்ன, புது ரெஃப்ரீயா?... தொந்திக்காரருக்கு முட்டி வலியா? என்கிட்ட யாரு சொன்னா?... சின்ன வயசுக்காரரா?... அட போங்க மாப்பிள்ளை. இவனும் அதைத்தான் சொன்னான், "நான்தான் ரெஃப்ரீ"ன்னு. சொன்னதும் நம்பிடுறதா? போன வருஷத்துத் தடியன்கூட ஏழாங்கிளாஸ்னுதான் சொன்னான்... அவன் போனா? அதை அவன் பையோட சேர்த்துப் பிடுங்கி வச்சிருக்கேன். அரை மணி நேரமா அடிச்சுக்கிட்டே கிடக்குது... நீங்கதான் கூப்பிட்டீங்களா? பாருங்க, உங்க நம்பரைக்கூட எப்படியோ வாங்கி வச்சிருக்கான்!

...கத்தாதீங்க... ஆமா... ஆமா, மணி நாலு அஞ்சு... நாலேகாலுக்குள்ள ஆரம்பிக்கலேன்னா? கப்பு அவங்களுக்கா? ஆடாமலேயா?... ரெஃப்ரீ இல்லேன்னா அது மைதானத்துக்காரங்க குத்தமா? நல்ல சட்டம் போட்டாங்க!... தெரியும் மாப்பிள்ளை, எட்டு வருஷமா நீங்க ஒரு கப்பைக் கண்ணால பார்க்கல. கல்யாண போட்டோவுலயே கழுத்துல விசிலோட நின்ன ஆளு, எனக்குத் தெரியாதா? அதனாலதான் சொல்றேன், பதறாதீங்க. சோதிச்சுப் பார்த்துடுவோம்.

டேய் தம்பி! ஆஃப்சைடுன்னா என்ன, சொல்லு!

...சொல்றான் மாப்பிள்ளை... இன்னும் சொல்றான்... சரியா சொல்றானாவா? அது எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷமா இந்த கேட்ல நிக்கிறேன், எனக்கே அது இன்னும் பிடிபடல.

சரி, வேற வழி பார்ப்போம். டேய், மஞ்சள் அட்டை வச்சிருக்கியா? கதவுக்கு அடியில தள்ளு!... வருது, வருது... இருங்க, கண்ணாடியை மாட்டிக்கிறேன். என்னமோ எழுதியிருக்கான். "கேட்... பெரி...யவர். மூணு... முப்பத்தஞ்சு. மரி...யாதை இல்லாத... நடத்தை." பார்த்தீங்களா, திமிரை!... ஏன் மாப்பிள்ளை சிரிக்கிறீங்க?... அழுறீங்களா?... போனை யாருகிட்ட குடுக்குறீங்க?

...அம்மாடி, நீயா?... இல்லம்மா... ஆமாம்மா... இல்லடா, நான் கை வைக்கல... தண்ணி குடுத்தேன், ஜன்னல் வழியா... நீயும் உன் புருஷன் மாதிரியே பேசாத. முன்னெல்லாம் எனக்குச் சாதகமா நாலு வார்த்தை பேசுவ... யாரு, பேரனா? எங்க?... கிளவுஸை மாட்டிக்கிட்டு கோல் போஸ்ட்டுல போய் நின்னுட்டானா? ஆட்டமே ஆரம்பிக்கலையே... தனியாவா?... கூப்பிட்டாலும் வரலையா?... ம்...

ம்... சரி. திறக்குறேன். உனக்காக இல்ல, உன் புருஷனுக்காகவும் இல்ல. அந்தப் பய நிக்கிறானே, அவனுக்காக.

இரு, போனைத் தோள்ல இடுக்கிக்கிறேன்... இந்தப் பூட்டு வேற சண்டித்தனம் பண்ணுது... ம், திறந்துடுச்சு. வாப்பா வெளியில. இந்தா பை. என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காத, ஓடு, மணி நாலு பத்து... அங்க எதுக்குடா பாக்கெட்டுல கையை விடுற?

...அம்மாடி... சிவப்பு அட்டை காட்டுறான்மா... எனக்குத்தான்! வேற யாரு இருக்கா இங்க?... கதவைத் திறக்காம நேரத்தைக் கடத்தினேனாம், அதுக்கு ரெண்டாவது மஞ்சளாம். ரெண்டும் சேர்ந்து சிவப்பாம். மைதானத்தை விட்டு வெளியில போகணுமாம். கேட்காரனுக்கே கேட்டைக் காட்டுறான்!... சிரிக்காத. பக்கத்துல உன் புருஷன் சிரிக்கிறதும் எனக்குக் கேக்குது.

போறேன், போறேன். நீங்கள்லாம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாவியை ஆணியில மாட்டிட்டேன்... எங்கயும் போகல, ரோட்டுல நின்னு கம்பி வேலி வழியா பார்த்துக்கிறேன். ரோட்டுக்கு எவனும் அட்டை காட்ட முடியாதே?

...அவன் ரெஃப்ரீதான்னு இப்பவாவது நம்புறேனாவா? அவன் ஓடுறதைப் பாரு! எந்த ரெஃப்ரீயாவது இப்படி ஓடி நீ பார்த்திருக்கியா? தொந்திக்காரர் இத்தனை வருஷத்துல நடுக்கோட்டைத் தாண்டியிருப்பாரா?... விசில் அடிச்சுட்டானா? சரி, உன் பிள்ளையைப் பாரு. ஒண்ணு மட்டும் சொல்லி வைக்கிறேன். அவன் கால் மட்டும் பந்துல படட்டும், மறுபடி உள்ள வந்து பூட்டிடுவேன்... சாவியா? சாவியை மட்டும்தான் மாட்டினேன். பூட்டு என் கையிலதான் இருக்கு. வை போனை.