காவியாவின் வலது கை

மாலை ஏழே கால் மணி. விருத்தாசலம் செராமிக் பேட்டையின் கடைசித் தெரு. வேலையாட்கள் கிளம்பிவிட்டால் அங்கே ஜங்ஷனில் ரயில் ஊதுவது மட்டும்தான் கேட்கும். அப்புறம்... ஒன்றுமே கேட்காது.

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். என்னோடு வேலை பார்க்கும் தமிழ்மணியின் அக்காவுக்குப் போன மே மாதம் நடந்தது இது. அக்கா பெயர் கயல்விழி. அவர் கணவர் ராஜமாணிக்கம், அந்தத் தெருவில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வர்ணம் அடிப்பவர்.

லீவில் பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்களே என்று, கம்பெனியின் பேக்கிங் கொட்டகையைக் கேட்டு வாங்கி, அக்கா கைவேலை சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு ஒளிரும் பாட்டில். காலி ஜாம் பாட்டிலின் உட்புறம் ஒரு பெயிண்ட்டால் புள்ளி வைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட பெயிண்ட் இருட்டில் பச்சையாக ஒளிரும். படாத இடம் ஒளிராது. அவ்வளவுதான் சூட்சுமம். விளக்கை அணைத்ததும் ஐந்து பிள்ளைகளும் போட்ட கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்ததாம்.

நான்கு பேரை வீட்டிலிருந்து வந்து கூட்டிப் போனார்கள். மிச்சம் அக்காவின் மகள் காவியா. ஆறு வயது. மீந்த பெயிண்ட்டை இரண்டு கையிலும் முழங்கை வரை பூசிக்கொண்டு நின்றாள்.

"அடியே, கவுன்ல தொடச்சிடாத. இங்கயே நில்லு, துணி எடுத்தாறேன்."

முன்பக்கக் குழாயில் பிரஷ்களை அலசிவிட்டு, துணியோடு திரும்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொட்டகையில் காவியா இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

"காவியா?"

பின்னால் ஒரு சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும், அவ்வளவு குறுகல். இடது சுவரில்... ஒரு சின்னப் பச்சைக் கை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஓடிய பிள்ளையின் கை இல்லை அது. நிதானமாக நடந்திருக்கிறாள். வலது சுவரில் ஒரு தடம்கூட இல்லை.

அக்கா தன் கணவருக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினார்.

"பாப்பாவக் காணலங்க... பழைய சூளைகிட்ட வாங்க, சீக்கிரம்!"

சந்து முடிகிற இடத்தில், மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் சூளை. ஆள் நிமிர்ந்தே உள்ளே போகலாம். நெருப்பு வைத்து நான்கு வருடம் இருக்கும். உள்ளிருந்து சத்தம் வந்தது.

டிங்... டிங்...

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். வெந்த பீங்கான் ஆறும்போது வரும். ஆனால் உள்ளே ஒரு கப்புகூடக் கிடையாது. ஈரக் களிமண் வாசனை மட்டும் குப்பென்று அடித்தது.

காவியா நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வலது கையை மேலே தூக்கியிருந்தாள்... பஸ் ஸ்டாண்டில் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்குமே பிள்ளை, அப்படி.

அக்கா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். பிள்ளை வரவில்லை. மறுபடி இழுத்தார். சட்டென்று வந்துவிட்டாள். சத்தமும் நின்றுபோனது.

வெளியே ராஜமாணிக்கம் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாருடி உன்னக் கூட்டியாந்தது?"

"தெரியலப்பா. பேசவே இல்ல."

எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று செல்போன் டார்ச்சைக் கை இரண்டிலும் அடித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. டார்ச்சை அணைத்தார்.

கைகள் பச்சையாக ஒளிர்ந்தன. வலது மணிக்கட்டில் மட்டும்... நான்கு கருப்புக் கோடுகள். அடியில், கட்டை விரல் அகலத்துக்கு இன்னொன்று.

"பெயிண்ட்டு அழிஞ்சிருக்கும், கயலு."

மறுபடி டார்ச் அடித்தார். பெயிண்ட் எங்கேயும் அழியவில்லை. மணிக்கட்டில் கெட்டியாக, வெள்ளையாக அப்படியே இருந்தது. அணைத்தார். கோடுகள் இருந்தன. மணிக்கட்டில் இல்லை... முழங்கைக்குக் கொஞ்சம் கீழே.

ராஜமாணிக்கத்துக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் வெளிச்சம் படவில்லை. பட விடாமல் எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போதும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். தண்ணீரைத் திறந்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து அந்தக் கையைப் பரபரவென்று தேய்த்தார். தோல் சிவந்தது. காவியா அழவில்லை. யாரோ காதில் சொல்வதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாளாம்.

"போதும்மா... அவங்களுக்கு வலிக்குதாம்."