பால் சொம்பு

பூவ முன்னால இழுத்து உட்டுக்குங்கம்மா. சொன்னா கேளுங்க, அப்பறம் நாரு கூட மிஞ்சாது. கூடைல இருக்கறது கோழி இல்ல, பூனை. ஆமா, பூனைதான். மேல துணி போட்டு இறுக்கிக் கட்டித்தான் கொணாந்தேன், ஆனா இந்த ஒயரு சந்துல கைய நீட்டுது பாருங்க. பூவ திங்காதும்மா. அந்த நாரத்தான் திங்கும்.

கண்டக்டருக்குத் தெரியாது. கத்திரிக்கான்னு சொல்லி ஏறிக்கினேன். நாத்தம் வருதா? வரும், வரும். நீங்க முண்டியம்பாக்கத்துல ஏறினீங்களா, அதுக்கு முன்னாடியே ஒரு வாட்டி கக்கிடுச்சு. பேப்பர் போட்டு மூடி வெச்சிருக்கேன். திண்டிவனம் மட்டும் பொறுத்துக்குங்க, எறங்கிடுவேன். அங்க மாட்டாஸ்பத்திரில காட்டணும்.

சீக்கு இல்லம்மா. சீக்குன்னா எங்கனா போயி செத்துத் தொலையட்டும்னு உட்டிருப்பேன். முழுங்கிடுச்சு. தாலிய முழுங்கிடுச்சு. யாருதா? என்னுதுதான். கழுத்தப் பாத்தா தெரியலியா? பதினாறு முடிஞ்சி இன்னியோட அஞ்சு நாளு. அய்ய, நீங்க ஏம்மா கண்ணு கலங்கறீங்க, உடுங்க. வேணும்னா எழுந்து அந்தாண்ட சீட்டுல போயி உக்காந்துக்குங்க. பூ வெச்சிக்கினு இருக்கீங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். பரவால்லியா? சரி. நல்ல மனசு உங்களுக்கு.

என் கொழுந்தன் ஒருத்தன் இருக்கான், முத்துசாமின்னு. நாலு நாளு பாப்பேன் அண்ணி, வெளிய வரலன்னா வயித்த கிழிச்சி எடுத்துடுவேன்னான். சும்மா சொல்லலம்மா. கறிக்கடைல போயி கத்தி வாங்கியாந்து எரவாணத்துல சொருவி வெச்சிருக்கான். இன்னிக்கு சாயந்தரத்தோட கெடு முடியுது. அதான் காலைல ஒரு வாய் கூழு கூட குடிக்காம கூடைய தூக்கிக்கினு ஓடியாந்துட்டேன்.

பாசமா? அய்ய! இது மேலயா? இத்த கண்டாலே எனக்குக் கொமட்டும். ஆறு வருசமா கொமட்டிக்கினு இருக்குது. இது என் வூட்டுக்காரரு வளத்தது. அவரு மல்லாட்டை மண்டில, வேர்க்கடலைன்னு சொல்லுவீங்களே, அதுல எடை போடறவரு. எலி மூட்டைய ஓட்டை போடுதுன்னு மொதலாளி நாலு குட்டி கொணாந்து உட்டாராம். மூணு குட்டி எலி பின்னால ஓடிச்சாம். இது மட்டும் மூட்டை மேல உக்காந்துக்கினு, சாக்கு தைக்கற சணல இழுத்து இழுத்து தின்னுக்கினு இருந்துச்சாம். மொதலாளி எட்டி ஒதைக்கப் போனாரு. இவரு சட்டைக்குள்ள வெச்சிக்கினு வூட்டுக்கு வந்துட்டாரு. வந்த அன்னிக்கே என் பாவாடை நாடால பாதிய காணம்.

இந்த ஆறு வருசத்துல ஒரு எலி புடிச்சதில்லம்மா. எலி எதிர்ல போவும், இது பாத்துக்கினு இருக்கும். ஆனா சோப்பு திங்கும். அணைச்சிப் போட்ட பீடித் துண்டு திங்கும். வெளக்குத் திரிய எண்ணெயோட உறிஞ்சி முழுங்கிட்டு, அந்த வாயோட வந்து என் கைய நக்கும். சீப்புல வர்ற முடிய சுருட்டி சொவத்துப் பொந்துல வெப்போம் இல்ல? அத்த நோண்டி எடுத்துத் தின்னுட்டு, ரெண்டு நாள் கழிச்சி கூழ் சட்டியாண்ட கக்கி வெச்சிருக்கும். உருண்டையா, ஈரமா, கொழகொழன்னு. என் தலைமுடி!

பல்லிய தின்னா முழுசா தின்னு தொலைக்க வேண்டியதுதான? ஒடம்ப தின்னுட்டு வால அவரு செருப்புக்குள்ள போட்டு வெக்கும். பக்கத்து வூட்டு தேவநாதன் கால் புண்ணுக்கு கட்டி அவுத்துப் போட்ட துணி, மஞ்ச மருந்தும் சீழுமா, அத்த கூட உடலம்மா. வாய மூடிக்கினீங்க பாருங்க, நான் சொல்லும்போதே உங்களுக்கு இப்படி இருக்குதே, கண்ணால பாத்தவ நான் எப்படி இருந்திருப்பேன்? அன்னிக்கு ராத்திரி அவரு தட்டுலயே அது வாய வெக்குது, இவரு மீந்த சோத்த உருட்டி உருட்டிக் குடுக்கறாரு. அந்தத் தட்ட நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆறு வருசமா அவரு தட்ட அவரேதான் கழுவிக்கினாரு.

இதோ நிக்குது, விக்கிரவாண்டிதான். டீ குடிக்கறதுன்னா குடிச்சிட்டு வாங்க, சீட்ட நான் பாத்துக்கறேன். வேணாமா? ஆமா, இந்தக் கதைய கேட்டுட்டு டீ எறங்காது.

ஒண்ணு சொல்றேன், அருவருப்பு பட்டுக்காதீங்க. ஒரு வெள்ளிக்கெழம நான் கழட்டிப் போட்ட பூவ உதுத்துப் போட்டுட்டு நார முழுங்கிடுச்சு. மூணா நாளு அடுப்பாண்ட போவுது, பின்னால ஒரு மொழம் தொங்குது. நான் கத்தின கத்துல தெருவே வந்துடுச்சு. இழுத்துப் போடுய்யான்னு நான் கத்தறேன். இவரு, இழுக்காதடி, இழுத்தா குடலு வந்துடும், தானா வரும்னு பக்கத்துல குந்திக்கினு பீடி பத்த வெக்கறாரு. வந்துச்சு. முழுசா, முடிச்சோட. ஒரு எடத்துல பல்லு படல. ஒரு குச்சியால தூக்கிக் காட்டி, பாத்தியாடி, வாங்கி வெச்சத அப்படியே திருப்பிக் குடுக்குது, பாங்கியாட்டம்னாரு. அதுக்கு ஒரு சிரிப்பு வேற. தூத்தேறி, போயி கைய கழுவுன்னு தொரத்தினேன். இது ஒரு வாட்டி இல்லம்மா, அப்பறம் எத்தினி நூலு, எத்தினி கயிறு. எல்லாம் மூணா நாளு வரும்.

அவரா? மண்டிலதான். தராசாண்ட நின்னுக்கினு இருந்தவரு அப்படியே மூட்டை மேல சாஞ்சிட்டாரு. தூங்கறாருன்னு நெனச்சாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. காலைல போவும்போது இதுக்கு ஒரு கை பால் சோறு வெச்சியான்னு கேட்டுட்டுதான் போனாரு. எனக்கு எதுவும் சொல்லிட்டுப் போவல.

சரி, அத்த உடுங்க. பதினாறாம் நாளு. விடியக்காலம் என்ன உக்கார வெச்சி, இருந்த பூவெல்லாம் தலைல வெச்சி, அப்பறம் வளையல ஒடைச்சி, தாலிய கழட்டி பால் சொம்புல போட்டாங்க. உங்க பக்கமும் அதானா? எங்க வகையறாவுல இன்னும் ஒண்ணு உண்டு. அந்தத் தாலி திரும்ப கழட்டினவ கண்ணுல படக்கூடாது. மறுநாளே ஆசாரிகிட்ட குடுத்து உருக்கி, பங்காளி வூட்டுப் பொண்ணுக்கு எதுனா பண்ணிடணும். முத்துசாமி பொண்ணு செண்பகத்துக்கு மூக்குத்தின்னு முன்னாடியே பேசி வெச்சிட்டாங்க. என்ன யாரும் கேக்கல. கேக்கற வழக்கம் இல்ல. அது பெரிய நகை ஒண்ணும் இல்லம்மா, மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு ஒரு பொட்டுத் தாலி, ஒரு மஞ்சக் கயிறு. இருவத்திரெண்டு வருசம். ஆடிப் பதினெட்டுக்கு கயிறு மாத்துவோம் இல்ல, அவருதான் கண்ணாடிய போட்டுக்கினு புதுக் கயித்துல கோத்துக் குடுப்பாரு. ஓட்டை கண்ணுக்குத் தெரியல, ஓட்டை தெரியலன்னு ஒரு மணி நேரம் ஆக்குவாரு.

அந்த சொம்ப கொண்டு போயி உள்ள உறில வெச்சிட்டாங்க. பூனை இருக்கற வூடு பாருங்க, அதான். நானு பக்கத்துல மூலைல உக்காந்திருந்தேன், வெளிய வரக்கூடாது. கதவாண்ட இருந்து பாத்தா கொல்லை தெரியும். அங்க மதியம் படையல் போட்டு, எலைய எடுத்துக் கொண்டு போயி மதில் மேல வெச்சிட்டு எல்லாரும் கா கான்னு கத்தறாங்க. ஒரு காக்கா வரல. முத்துசாமிக்கு தொண்டை கட்டிப் போச்சு. அவரு மனசுல இன்னா கொறையோன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க. அப்பதான் இது சாவகாசமா மதில் மேல நடந்து வந்துச்சு. வடைய மோந்து பாத்துச்சு, தள்ளி உட்டுச்சு. பாயசம், அதயும் தொடல. எலைய திங்குது! வாழ எலைய, ஓரத்துல இருந்து கிழிச்சிக் கிழிச்சி. சோத்த உட்டுட்டு எலைய திங்கற பெறவிய எங்கனா பாத்திருக்கீங்களா?

எனக்கு சிரிப்பு வந்துடுச்சும்மா. தாலி கழட்டிட்டு உக்காந்திருக்கறவளுக்கு சிரிப்பு. முந்தானைய வாய்ல அடைச்சிக்கினேன். அழுவறான்னு நெனச்சிக்கினாங்க. அப்பறம் அழுதுட்டேன்தான். அவரு இருந்தா அன்னிக்கு எப்படி சிரிச்சிருப்பாரு.

கழிய எடுத்துக்கினு தொரத்தினாங்க, இது வூட்டுக்குள்ள ஓடியாந்துடுச்சு. வெளிய வேற எலை போட்டு, வேற சோறு வெச்சி, திரும்ப கத்த ஆரம்பிச்சாங்க. காக்கா வந்து தொட்டுட்டுப் போன அப்பறம்தான் உள்ள வந்து பாத்தாங்க. சொம்பு கீழ உருண்டு கெடக்குது. பாலும் இல்ல, தாலியும் இல்ல. இது பக்கத்துல உக்காந்துக்கினு மீசைய நக்குது.

எப்படி எட்டுச்சா? அதத்தான் எல்லாரும் கேட்டாங்க. நான் முந்தானைல மூஞ்ச மூடிக்கினு இருந்தேன், எகிறியிருக்கும்னு சொன்னேன். பூனைதான, எகிறாதா? இத்தப் பாத்தா எகிறற மாதிரி இல்லன்னா நான் இன்னாம்மா செய்யறது.

அப்பவே முத்துசாமி கழுத்த புடிச்சி தூக்கிட்டான். நான்தான் குறுக்க உழுந்தேன். கருமாதி அன்னிக்கு வூட்டுல ரத்தம் உழக்கூடாதுப்பா, நானே எடுத்துக் குடுக்கறேன்னேன். கொல்லைல குச்சி அடிச்சி கட்டிப் போட்டு, சாம்பல் கொட்டி, வாழப்பழத்துல வெளக்கெண்ணெய ஊத்தி ஊட்டினேன். ஆறு வருசமா இது தட்ட தொடாதவ, இது வாயத் தொறந்து வெரல உட்டேன். அப்பறம் பொழுதுக்கும் அந்தக் கருமத்த நோண்டற வேலை. மூக்குல துணி கட்டிக்கினு, ஈக்குச்சியால கிண்டி, தண்ணி ஊத்தி, பழைய சல்லடைல போட்டு அலசறேன். அந்த நாத்தம் இருக்குதே, மாட்டுச் சாணி எவ்வளவோ தேவலாம். ஒரு பொத்தானு வந்துச்சு. கரப்பான் ரெக்கை வந்துச்சு. கல்யாணப் பத்திரிகைல கட்டற ஜிகினா வந்துச்சு, அது எங்க கெடச்சிதோ. முத்துசாமி பொண்டாட்டி வீரம்மா பத்தடி தள்ளி நின்னுக்கினு, மூக்க புடிச்சிக்கினு, வந்துச்சா அக்கா, வந்துச்சாக்கான்னு கேப்பா. வந்து அலசுடின்னா ஆளு இருக்க மாட்டா. மூக்குத்தி மட்டும் வேணும்.

கூட்டேரிப்பட்டு தாண்டிட்டோமா? ஜல்தியா வந்துட்டான். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

படம் எடுத்துப் பாப்பாரா, யாரு, டாக்டரா? அட, நான் டாக்டருகிட்ட எங்கம்மா போறேன். ஊருல கேட்டவங்களுக்கு சொன்னதே உங்களுக்கும் வாய்ல வந்துடுச்சு. மயிலம் ரோட்டுல என் தங்கச்சி பொன்னி இட்லிக் கடை வெச்சிருக்கா. மாவாட்ட ஆளு இல்லாம கெடக்கறா. அங்கதான் போறேன். இல்ல, திரும்பிப் போறதுக்கு இல்ல.

தாலியா? அது முந்தாநாளே வந்துடுச்சு. வீரம்மா எழுந்து வர்றதுக்கு முன்னாடி. மூணா நாளு, சொன்னா சொன்ன மாதிரி, முழுசா, முடிச்சோட. ஏழு தண்ணில கழுவி, மஞ்ச தேச்சி, வெயில்ல காய வெச்சி, இதோ, இந்த முந்தானை முடிச்சில இருக்குது. தொடாதீங்கம்மா, இன்னும் லேசா நாத்தம் இருக்குது. அப்பறமும் ரெண்டு நாளு சும்மாதான் கிண்டிக்கினு இருந்தேன், வீரம்மா பாக்கறதுக்கு. இன்னிக்கு இது வயித்த கிழிச்சிருந்தா உள்ள ஒண்ணும் இருக்காது இல்ல? இதுவும் செத்திருக்கும், அடுத்தது என் முந்தானையத்தான் அவுத்திருப்பாங்க. அதான் ரெண்டயும் தூக்கிக்கினு கெளம்பிட்டேன்.

ஸ்டாண்டு வந்துடுச்சு பாருங்க. அந்தக் கூடைய கொஞ்சம் தூக்கிக் குடுங்கம்மா, அடில புடிக்காதீங்க, ஈரமா இருக்கும். சீ, சனியனே, அவங்க பை கயித்த உடு. உடுன்றேன் இல்ல.

இன்னும் அதயேதான் கேக்கறீங்க, உறி எப்படி எட்டுச்சின்னு. இது எங்கம்மா எகிறும், தின்னு தின்னு பொதி கழுதயாட்டம் இருக்குது. சொம்ப உறில இருந்து எடுத்து இது எதிர்ல வெச்சது நான்தான். அவங்க எல்லாரும் வெளிய நின்னு காக்காவ கூப்ட்டுக்கினு இருந்தாங்க. பால குடிச்சிட்டு இது கயித்த நக்க ஆரம்பிச்சிது. கடைசி நூலு உள்ள போற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து முதுவ தடவிக் குடுத்தேன்.