மாடிக் கதவில் வைத்த உணரி

அறுபத்தேழு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து படித்தேன், இன்ஸ்பெக்டர். உணரிகளை, அதாவது சென்சார்களை, மொபைலோடு இணைக்கும் படிப்பு. இருபது பேரில் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தவன் நான் ஒருவன்தான்.

"எல்லை அளவைச் சரியா வைக்கலேன்னா, பூனை குதிச்சாலும் போன் கத்தும் சார்," என்பார் ஆசிரியை. கெட்டிக்காரப் பெண்.

மாடி அறைக் கதவுக்குப் போனில் திறக்கும் பூட்டு, தட்டினால் தெரிவிக்கும் அதிர்வு உணரி, உள்ளே வெப்ப உணரி. மூன்றையும் நானே பொருத்தினேன். ஒரு வயர்கூட வெளியே தெரியாது.

லிஃப்ட் பழுது பார்ப்பவனை வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக, முந்தின நாள் காலையில் என் மகள் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். போனை வாங்கிக்கொண்டு அவளை மாடி அறையில் வைத்துப் பூட்டினேன்.

"தகரக் கூரைங்க. வெந்துடுவா. கீழ் ரூம்ல வைங்களேன்," என்றாள் மனைவி.

"கீழ ஜன்னல் இருக்கு. நீ போய்ப் புடவையை மாத்து."

அன்று பகல், எங்களுக்குச் சமமான ஒரு குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசப் போனோம். உட்கார்ந்ததுமே சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. அவள் தட்டும் ஒவ்வொரு தடவையும் அதிர்ந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் சிரித்தார். "யாருங்க விடாம கூப்பிடறது? எங்களுக்கு முன்னாடியே வேற சம்பந்தி பிடிச்சிட்டீங்களா?"

"பொண்ணுதான். பொறுமை கம்மி."

நாலு பேர் நடுவில் அது மரியாதைக் குறைவு. அதிர்வின் எல்லையை உயர்த்தினேன். அவள் உதைக்க ஆரம்பித்தாள், இன்னும் உயர்த்தினேன். முப்பத்தெட்டு டிகிரியில் எச்சரிக்க வேண்டிய வெப்ப உணரியை அறுபதுக்கு மாற்றினேன். அப்போது அறையில் நாற்பத்தாறு. எதையும் அணைத்துவிடவில்லை. அரைகுறையாகப் படித்தவன்தான் அணைப்பான். பதிவு முழுவதும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி என் முழங்கையைத் தொட்டாள். "ஒரே ஒரு தடவை திறந்து விடுங்களேன்."

திறக்கும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. தேதி குறித்து முடிக்கும்வரை நான் அதை அழுத்தவில்லை. மூன்று மணிக்கு நாற்பத்தொன்பது. அதன்பின் தட்டல் எதுவும் பதிவாகவில்லை.

தெரியாமல் நடந்ததாக எழுதாதீர்கள். எனக்கு அளவுகளைப் படிக்கத் தெரியும்.

மறுநாள் அந்த லிஃப்ட்காரன் பதிவு அலுவலக வாசலில் சாயங்காலம்வரை நின்றானாம். எங்கள் வீட்டுப் பெண் அங்கே போகவில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.