பாலியஸ்டர்னு சொன்னேன்

இந்தச் சுலைமானி டீ நல்லா இருக்குங்கய்யா. கேம்ப்ல போடுறது வெறும் வெந்நீர். முனியசாமி போனதுக்கப்புறம் தமிழ்ல பேச எனக்கு ஆளே இல்லை, நீங்க மொழிபெயர்க்க வந்தது பெரிய ஆறுதல். நிதானமாவே சொல்றேன், இந்தப் போலீஸ்காரரை எழுதிக்கிடச் சொல்லுங்க.

என் பேரு ராக்கப்பன், முதுகுளத்தூர்ப் பக்கம். இங்க அஜ்மான்ல ஃபைபர் படகு ரிப்பேர் பண்ற யார்டுல வேலை. உடைஞ்ச படகு வந்தா, எந்த ரெசின் பசையில செஞ்சதுன்னு முதல்ல பாக்கணும். ஓட்டை ஓரத்துல உப்புத்தாள் போட்டுச் சூடு பறக்கத் தேய்ச்சு மோந்து பாப்பேன். மூக்கைக் குத்துற இனிப்பு வாடை வந்தா பாலியஸ்டர். வரலைன்னா எபாக்சி. எபாக்சி படகுல பாலியஸ்டரை வச்சு ஒட்டினா பாக்கறதுக்கு அழகாத்தான் இருக்கும். அலை நாலு அறை அறைஞ்சா அப்படியே உரிஞ்சு வந்துரும்.

ஃபோர்மேன் விஜயபாஸ்கர் அண்ணனுக்கு அந்த வாடையிலேயே கிடந்து மூக்கு செத்துப் போச்சு. அதனால "என்னப்பா, எது?"ன்னு என்னைத்தான் கேப்பாரு. நான் சொன்னதைச் சாக்பீஸால படகு மேல எழுதுவாரு. நல்ல மனுசன், எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வாங்கிட்டு வருவாரு. லீவு கேட்டா மட்டும், "உன்னைய விட்டா யார்ரா மோந்து பாப்பா?"ன்னு சிரிப்பாரு. பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சிருக்கிறது எங்க முதலாளி, அர்பாப். குடுக்காதீங்கன்னு சொல்றது இவரு.

ஊர்லேந்து கேசட்டுல பேசி அனுப்புவாங்க. என் மக பானுப்பிரியா அதுல, "ஏம்மா, இந்தப் பொட்டிக்குள்ளயா அப்பா இருக்காரு?"ன்னு கேக்குது. அது பிறந்து நான் பாக்கலை. போட்டுப் போட்டு நாடா சிக்கிக்கிருச்சு. வயித்தெரிச்சலுங்கய்யா.

தை மாசம் ஒரு வெளிநாட்டுப் படகு வந்துச்சு. முன்பக்கம், தண்ணிக்குக் கீழ பெரிய ஓட்டை. தேய்ச்சேன், மோந்தேன். வாடையே இல்லை. "எதுப்பா?"ன்னாரு. "பாலியஸ்டர்ணே"ன்னேன். எழுதிட்டாரு. ரெசின் கலக்கி ஒட்டினதும் அவரு கைதான். ஒட்டினவரே கடல்ல ஓட்டிப் பாக்கணும்கிறது எங்க யார்டு வழக்கம். அது எனக்குத் தெரியும்.

அன்னைக்குக் கடலையே புரட்டிப் போடுற ஷமால் காத்து. படகைத் தள்ளினதும், கூட ஒரு ஆள் வாங்கன்னாரு. முனியசாமி ஏறிட்டான். என் ரூம்காரன், எனக்கும் சேத்துச் சோறு பொங்குறவன். படகுலேந்து கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். அவனை மட்டும் இறங்கச் சொன்னா ஏன்னு கேப்பாங்கள்ல? நீச்சல் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். வானம் பாத்த பூமிக்காரன், அவனுக்கு ஏது நீச்சல்.

ரெண்டு பேரையும் மறுநாள் பொணமாத்தான் எடுத்தாங்க. விபத்துன்னு முடிச்சுட்டாங்க. இனி லீவு குடுத்துருவாங்கன்னு அர்பாப்கிட்ட போய் நின்னேன். அவரு தோளைத் தட்டி, "இனி நீதான் ஃபோர்மேன். லீவு மாஃபி"ன்னுட்டாரு. லீவே கிடையாதாம். இதுக்கா இவ்வளவும் பண்ணினோம்னு ஆயிருச்சு.

அப்பத்தான் கேம்ப்ல ஒருத்தன் சொன்னான். பொதுமன்னிப்பு வந்த வருசம், தானா போய் நின்னவனையெல்லாம் நேரா ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போனாங்களாம். அவங்க விசா முடிஞ்சவங்கதான், இருந்தாலும் தப்புன்னா எல்லாம் தப்புதானே. பாஸ்போர்ட்டையும் போலீஸே வாங்கிக் குடுத்துருமாம். அதான் நானா வந்தேன். ஒண்ணையும் மறைக்கலை. அண்ணனைக் கொன்னது நான், முனியசாமியைக் கொன்னதும் நான்தான்னே எழுதிக்கிடச் சொல்லுங்க.

முனியசாமி பெட்டி இன்னும் ரூம்லதான் இருக்கு. அவன் வீடு எனக்குப் போற வழிதான், நானே கொண்டு போய்க் குடுத்துர்றேன். ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? கைரேகை எங்க வைக்கணும்னு காட்டுங்க. டிக்கெட் என்னைக்குன்னு மட்டும் அவருகிட்ட கேட்டுச் சொல்லிருங்க.