செவ்வாய்க்கிழமை இடித்த மாவு மில்

"நிறுத்துங்க! உள்ள ஆளிருக்குது!"

ஓடுகிறேன். காலை பத்து இருபது. பொக்லைனின் கை இரண்டாம் முறை இறங்குகிறது. ஓடுகள் சரிகின்றன. முதலில் சடசட. பிறகு ஒரேயடியாய்த் தடால். மூன்று தலைமுறை மாவு உத்தரத்திலிருந்து கிளம்பி மங்கலம் சாலையை மறைக்கிறது. ஆபரேட்டர் பீகார்க்காரர். நூலகத்தில் பாதியைப் படித்த எனக்கு, நிறுத்து என்பதற்கு இந்தியில் 'ரோக்கோ' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

குண்டு விழவில்லை. இது போரில்லை என்று சொல்லிவிடலாம். உள்ளே இருந்தவரைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். படையைக் கூட்டி வந்தவன் நான்.

மில்லும் அதை ஒட்டிய வீடும் எங்கள் குடும்பத்துடையவை. அண்ணன் இறந்தபின் அங்கே குடியிருந்து மில்லை ஓட்டியவர் அவர் மனைவி, என் நங்கை. பனியன் குடோன் கட்ட அந்த இடத்தை நான் விற்றேன். நங்கை கேட்டது ஒன்றுதான். அரைக்க ஊரார் தானியத்தோடு கொடுத்த போசிப் பாத்திரங்கள் பதினொன்று நிற்கின்றன. அரைத்துக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன் என்றார். சரியென்றேன்.

இடம் வாங்கியவர் அவசரப்படுத்தினார். நங்கையின் கண்ணெதிரே இடிக்கத் தைரியம் வரவில்லை. செவ்வாய் மில்லுக்கு லீவு. அவர் முருகன் கோயிலுக்குப் போயிருப்பார். மோட்டார் சத்தம் இல்லை, ஆளும் இல்லை. காலி என்று கை காட்டினேன்.

லீவு நாளில்தான் அரைக்கும் கல்லைக் கொத்துவார்கள். அந்த வீட்டில் பிறந்த நான் அதை மறந்தேன். மேல்கல்லைப் புரட்டிப்போட்டு, தேய்ந்த வரிகளை உளியால் மறுபடி வெட்ட வேண்டும். இடியப்போகிற மில்லில் யார் கல் கொத்துவார்? பதினொரு வீட்டு மாவும் கொரகொரவென்று போகக்கூடாது என்பவர் கொத்துவார்.

முதல் அடி வீட்டின் மேல் விழுந்து, பொக்லைன் மூச்சு வாங்கிய இடைவெளியில் மில்லுக்குள்ளிருந்து கேட்டது. டிக். டிக். டிக்.

நான் உள்ளே போனபோது சுவர் அவர் வலது காலில் கிடந்தது. கையில் உளி. முகமெல்லாம் மாவு.

"வெள்ளிக்கெழமைன்னு சொன்னீங்களே தம்பி."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அவர் கால்மேல் கிடந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

இழப்பு. மில் ஒன்று. வீடு, நான்கு அறை. கல் ஒரு ஜோடி, மேல்கல் பாதி கொத்தியது. பதினொரு போசியிலிருந்த கம்பும் ராகியும் கோதுமையும், ஓட்டுத்தூளோடு கலந்தபடி. நங்கையின் கால்விரல்கள் மூன்று.

ஆள், ஒருவர். தாராபுரத்தில் மகள் வீட்டில் உயிரோடு இருக்கிறார். போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா தூங்கறாங்க சித்தப்பா."

பகல் பதினொரு மணி. பின்னால் நங்கை பேத்திக்குச் சோறு ஊட்டும் குரல் கேட்டது.